கார்வர வாரான்

இருபது நாள், இருபத்தொரு மணி நேரம்.

திங்கட்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, அம்மாவின் கட்டில் ஓரத்தில் கைபேசியுடன் உட்கார்ந்தபோது அவள் மனத்துக்குள் போட்ட கணக்கு அது. போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்தக் குழாய், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பிடித்த தண்ணீர் என்று பாட்டில் மேல் எழுதி ஒட்டுவதுதான் அங்கே முதல் வேலை. கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தண்ணீரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாண்டினால் தொட்டியில் கொட்ட வேண்டியதுதான். அதற்கப்புறம் அந்தத் தண்ணீர் என்ன சொன்னாலும் செல்லாது.

மூன்று வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அண்ணன் சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தான். வீட்டில் மின்னஞ்சல் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் அவசரத்துக்கு அவள் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவனை வேலைக்கு எடுத்து அனுப்பிய நிறுவனம் எழுதியிருந்தது. ஷிப்டு மாறும்போது அவர் வேலைக்கு வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடியாயிற்று. கடலில் விழுந்திருக்க வேண்டும். வந்த வழியே திரும்பிப் போய் மூன்று நாள் தேடினோம். தேடுதல் நிறுத்தப்பட்டது. அந்தக் குளிர்நீரில் உயிர் பிழைத்திருக்க வழியில்லை. வருந்துகிறோம்.

அப்போது அவள் தண்ணீரின் கடினத்தன்மை பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டு, சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டில் குழாயை மூட வேண்டும். மூடவில்லை. குடுவை நீலமாகி, மேலும் நீலமாகி நின்றது. அதைக் கழுவிவிட்டு முதலிலிருந்து செய்தாள். இரண்டாம் தடவையும் தவறவிட்டாள். மூன்றாம் தடவை சரியாக வந்த எண்ணை ஏட்டில் எழுதிவிட்டுத்தான் மின்னஞ்சலை மறுபடி திறந்தாள்.

அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது நாக்கு நுனியில் இருந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நாலு நாளா காணோமே, இன்னிக்காவது அவன் ஏத்தினானா?"

வாக்கியம் வந்த வழியே உள்ளே போய்விட்டது.

ஏற்றுவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பழைய நாடகங்களையும் செய்யுள்களையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிற தளம் ஒன்று. கடையில் கிடைக்காத புத்தகங்கள், தொட்டால் பொடியாகிற புத்தகங்கள். யாரோ ஒருவர் பக்கங்களைப் படம் பிடித்துப் போடுவார். யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து ஏற்றுவார். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துவார். யார் முகமும் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் ஒரு புனைபெயர். அண்ணனுடையது 'கப்பல்காரன்'.

முதல் பயணத்தில் பொழுது போகாமல் படிக்கப் போனவன், சில மாதத்திலேயே தட்டுகிறவனாகிவிட்டான். கப்பலில் இணையம் பழுதான குழாய் மாதிரி சொட்டும். முகம் பார்த்துப் பேச முடியாது. குரல் மட்டும் பேசினாலும் பாதியில் அறுந்துவிடும். ஒரு பக்கம் எழுத்து மட்டும் எப்படியோ நுழைந்து வெளியே வந்துவிடும். முதல் தாள் பாதி கிழிந்து, எழுதியவர் பெயரே தெரியாமல் கிடந்த ஒரு செய்யுள் நாடகத்தை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். அதில் ஒரு கப்பல் வருகிறது, அதனால்தான் என்றான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் அவள் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். கடிதம் எழுதத் தெரியாத பிள்ளை போடுகிற கடிதம் அது என்று அம்மா வைத்துக்கொண்டாள். பக்கம் ஏறியிருந்தால் பையன் நன்றாக இருக்கிறான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். சர்க்கரை வியாதி கண்ணின் நடுவைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். நேராகப் பார்த்தால் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உலகம் மிச்சம். எதையாவது பார்க்க வேண்டும் என்றால் அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் புத்தகம் கட்டும் கூடத்தில் தாள் மடித்தவள். பெரிய தாளை மூன்று மடிப்பு மடித்தால் பதினாறு பக்கம், அது ஒரு பாரம். கை வழியாகப் போன புத்தகங்களுக்குக் கணக்கில்லை, ஒன்றையும் படித்ததில்லை. படித்தால் கை நிற்கும், கை நின்றால் பக்கத்தில் மேஸ்திரி வந்து நிற்பார் என்பாள். இப்போதுதான் உட்கார்ந்து கேட்கிறாள். கேட்கும்போது கைபேசியைக் கொஞ்சம் கொடு என்று வாங்கி, அதன் முதுகைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு இருக்குன்னு தெரியாத இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

ஆனாலும் அவளை ஏமாற்ற முடியாது. இந்த மாதிரி நாடகமெல்லாம் ஆறு பாரம், தொண்ணூற்றாறு பக்கம், மேலே ஒரு தாள் இருக்காது என்று முதல் நாளே அடித்துச் சொன்னாள். மகள் போய்ப் படங்களை எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

கடைசியாகப் பேசியபோது, அறுந்து அறுந்து வந்த குரலில் அண்ணன் வைத்த கெடுவும் அதுதான். நாடகம் முடிவதற்குள் வீட்டில் இருப்பேன்.

அந்த முதல் நாள் மாலை, இன்னும் இணையம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, ஏற்றவில்லை என்றாள். அம்மா சரி என்றாள். ஆனால் டீயைத் தொடவில்லை. டம்ளரில் ஆடை படிந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவள் அன்றைக்குக் கதவைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதைத்தான் மகளால் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் அண்ணனுடைய கணக்கைத் திறந்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு அவன் வைத்த பட்டப்பெயர்தான், பிப்பெட். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிப்பெட் என்றால் என்ன என்று கேட்டான். திரவத்தை உறிஞ்சி அளந்து வைத்துக்கொள்கிற மெல்லிய கண்ணாடிக் குழாய் என்று சொன்னாள். "ஒல்லியா இருக்கும், வாயைத் திறக்காது, எல்லாத்தையும் உள்ளுக்கு இழுத்து வெச்சுக்கும். நீதான்டி அது" என்றான்.

அவன் விட்ட இடம் எழுபத்தொன்று. எழுபத்திரண்டாம் பக்கத்தை அவள் தட்டினாள். இந்த ஒரு நாள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு.

மூன்று வாரம் கழித்து, இந்தத் திங்கட்கிழமை காலை படிக்க வேண்டியது தொண்ணூற்றிரண்டாம் பக்கம். நாலாம் அங்கம். கப்பலேறிப் போன வணிகனின் மனைவி குறிசொல்லியைக் கூப்பிட்டு, அவர் எப்போது வருவார் என்று கேட்கிறாள். குறிசொல்லி பதில் சொல்கிறான்.

கடல்மேல் போனவன் கார்வர வாரான்;
திடமாகச் சொன்னேன், தெருப்பார்க்க வேண்டா.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கப்பல்ல போனவன் கார்ல வர்றானாம் பாரு."

கார் என்றால் மழைக்காலம் என்று மகள் சொன்னாள். அந்த வரியில் அந்தச் சொல்லுக்கு மட்டும் பொருள் சொன்னாள். அடுத்த சொல்லைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போட்டது இன்னும் மறக்கவில்லை. உண்ணான், காணான், வாரான். எதிர்மறை வினைமுற்று. பிப்பெட் உள்ளே இழுத்துக்கொண்டது.

"மழைக்காலமா? அதுதான் தொடங்கிடுச்சே" என்று அம்மா ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். முந்தின நாளிலிருந்தே தூறல். தாள் மடிக்கிற இடத்தில் ஒருத்தி இருந்தாளாம், மேஸ்திரி படியேறும்போதெல்லாம் 'வாரான், வாரான்' என்றுதான் சாடை சொல்வாளாம். அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கி, குரல் தாழ்ந்தது.

"அவன் இதைச் சும்மா தட்டியிருக்க மாட்டான் பாப்பா. எனக்குச் சொல்லத்தான் தட்டியிருக்கான்."

நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்து போய்விட்டாள். ஐந்து நிமிஷம் முன்னதாகவே பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.

மதியம் அந்த நிறுவனத்து ஆள் போன் செய்தார். மென்மையாகப் பேசுகிறவர். மூன்று வாரத்தில் இது நாலாவது அழைப்பு. ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பார், இதோ சொல்லிவிடுகிறேன் என்பாள். இந்தத் தடவை இன்னும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டாள். காகிதங்களில் அம்மாவின் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வருகிறேன் என்றார். அப்புறம் அலுவலகக் குரலை விட்டுவிட்டுப் பேசினார்.

"நான் வந்துதான் அவங்களுக்குத் தெரியணும்ங்கற மாதிரி வெச்சுடாதீங்கம்மா. எனக்கும் அம்மா இருக்காங்க."

செவ்வாய்க்கிழமைக்குள் அம்மா ஊரைக் கூட்டிவிட்டாள். மெத்தையைத் தட்டி விரித்துப் போட்டாள். பெட்டியிலிருந்த அண்ணனின் சட்டைகளை எல்லாம் எடுத்து, அலமாரி வாசனை வீசுகிறது என்று ஒன்றுவிடாமல் துவைத்தாள். வெளியே தூறல் விடவில்லை. அறைக்குக் குறுக்கே கயிறு கட்டிப் போட்டாள். மகள் தன் கட்டிலுக்குப் போக ஏழு ஈரச் சட்டைகளைக் குனிந்து கடக்க வேண்டியிருந்தது. ஒரு கை அவள் கழுத்தில் பட்டுச் சில்லென்று இழுத்தது.

மாடி டீச்சர் படிக்கட்டில் நிறுத்தி, அண்ணன் வருகிறானாமே, இனி உன்னைக் கையில் பிடிக்க முடியாது என்றாள். குழாய் ரிப்பேர்காரர், தம்பி வந்ததும் சொல்லம்மா, கப்பல் பம்பு பற்றி ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றார். எல்லாருக்கும் தலையாட்டினாள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தப் பெயர் இப்போது கை கொடுத்தது.

அன்றைக்கு மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்திருந்தது. அவர் எங்கோ வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வைத்தியர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துக் கண் கூர்மையானவர் என்று அண்ணன் சொல்வான். அம்மா அவருக்கு வைத்த பெயர் பிழைக்காரர். அடுத்தவன் பிழையைத் திருத்துகிற மனுஷனை அப்படிக் கூப்பிடலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, பால் விற்கிறவனைப் பால்காரன் என்றுதானே சொல்கிறோம் என்றாள்.

கிருமி நீக்குகிற கொதிகலன் பக்கத்தில் நின்று அந்தக் குறிப்பைப் படித்தாள். 'கப்பல்காரன் தம்பிக்கு வணக்கம். ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பிழைகள் மாறிவிட்டன. ஒன்றரை வருடமாக உங்கள் பக்கங்களில் நான் திருத்தியதெல்லாம் விட்டுப்போன ஒற்றுகளைத்தான். எழுபத்திரண்டாம் பக்கத்திலிருந்து ஓர் ஒற்றுகூட விடவில்லை. ஆனால் சொல்லின் முதலில் ந வர வேண்டிய இடத்தில் ன விழுகிறது. இது புதிது. நலமாக இருக்கிறீர்களா?'

அண்ணன் மடிக்கணினியில், பழைய தட்டச்சு முறையில் தட்டுகிறவன். வேகம் அதிகம், புள்ளி வைக்கப் பொறுமை இல்லை. அவள் கைபேசியில் ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழ் வரவழைக்கிறவள். அதில் அவசரப்பட்டால் ன தான் முந்திக்கொண்டு வரும். சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் ஒவ்வோர் ஒற்றையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

நலம் என்று ஒரு சொல் பதில் எழுதினால் போதும் என்று நினைத்தாள். எழுதினாள். திரையில் 'னலம்' என்று விழுந்திருந்தது. அழித்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டாள்.

தொண்ணூற்று மூன்றிலிருந்து நாடகம் வேறு திசையில் போனது. வணிகனின் வேலைக்காரனும் செருப்புத் தைக்கிறவனும் ஒரு ஜோடிச் செருப்புக்காக மூன்று பக்கம் சண்டை போட்டார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசிப் பாரத்தில் வந்து எவனோ செருப்புக்குச் சண்டை போடுகிறான், எழுதினவருக்கு வேறு வேலை இல்லையா என்றாள். அதனால் ஒவ்வொரு நாளும் அன்றைய பக்கம் முடிந்ததும் தொண்ணூற்றிரண்டை மறுபடி படிக்கச் சொன்னாள். மகள் படித்தாள். அந்தச் சொல் வரும்போது மட்டும் அம்மாவின் உதடும் கூடவே அசையும்.

வியாழக்கிழமை காலை தொண்ணூற்றிரண்டை மறுபடி திறந்தபோது அம்மா கைபேசியை வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தாள்.

"அடியில கறுப்பா ஏதோ இருக்கே. நேத்து இல்லையே."

அடிக்குறிப்பு. பிழைக்காரர் புதிதாகச் சேர்த்திருந்தார். கடினமான சொல்லுக்குப் பொருள் எழுதுவதும் அவர் வேலைதான். அடிக்குறிப்பு உள்ள பக்கம் அடி கனத்துத் தெரியும், எத்தனை மடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா, படி என்றாள் அம்மா.

வேறு எதையாவது படித்திருக்கலாம். அம்மாவால் சரிபார்க்க முடியாது. ஆனால் இந்த இருபத்து நான்கு நாளும் அவள் பிடித்துக்கொண்டு நின்றது ஒன்றே ஒன்றைத்தான். பக்கத்தில் இருந்ததைத்தான் தட்டினாள், தட்டியதைத்தான் படித்தாள். ஏற்றியவன் பெயர் பொய், எழுத்து பொய்யில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு புள்ளிகூட மாற்றி எழுதியதில்லை என்கிற மாதிரி ஒரு சின்ன நியாயம். அதையும் விட்டுவிட்டால் நிற்க இடமில்லை. படித்தாள்.

"கார்வர, மழைக்காலம் வந்தும். வாரான், வரமாட்டான்."

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கோபம் வந்தது. அது எப்படி, போ என்றால் போகாதே என்றா அர்த்தம், மாத்திரை விற்கிறவருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டாள். ஒரு கடிதம் தட்டச் சொன்னாள். மகள் தட்டினாள். நான் கப்பல்காரனின் அம்மா. முப்பது வருஷம் புத்தகம் மடித்தவள். என் மகன் சரியாகத்தான் தட்டியிருக்கிறான், நீங்கள் அடியில் போட்டதுதான் தப்பு. வாரான் என்றால் வருகிறான். எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் எனக்குப் போன் செய்து சொல்லுங்கள். இதுதான் என் நம்பர்.

ஒவ்வொரு ந வையும் இரண்டு தடவை பார்த்து அனுப்பினாள். அனுப்பாமல், அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கவும் முடியும். சொல்லவில்லை. யாரோ ஒருவர், முகம் தெரியாத ஒருவர், தனக்குப் பதிலாக இதை முடித்து வைக்கட்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அது எவ்வளவு கோழைத்தனம் என்றும் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தை அவள் தட்டவில்லை. கடைசிப் பக்கம் வரவில்லையா என்று அம்மா ஏழு நாற்பதுக்குக் கேட்டாள். இல்லை என்றாள். முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தாள். சுருங்கவில்லை. அப்படியென்றால் கிளம்பிவிட்டான், கிளம்புகிறவனுக்குத் தட்ட எங்கே நேரம் என்று சொல்லி அம்மா எழுந்து போய்ச் சட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். சட்டையை அவள் மடிப்பதும் தாள் மடிக்கிற மாதிரிதான், விளிம்போடு விளிம்பு சேர்த்து, கட்டைவிரல் நகத்தால் ஓர் இழுப்பு.

எட்டு மணிக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். எட்டு மணிக்கு அம்மா குளிக்கப் போனாள். ஒன்பது மணிக்கு என்றிருந்தாள். மாடி டீச்சர் வந்து கரண்டி கேட்டுவிட்டு அரைமணி பேசினாள். ஒன்பது நாற்பதுக்கு அம்மாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மா என்று ஆரம்பித்தபோது அம்மாவின் போன் அடித்தது. அம்மாவுக்குப் பொத்தான் தெரியாது என்பதால் எப்போதும் வெளியே கேட்கிற மாதிரிதான் வைத்திருப்பாள்.

"வணக்கம்மா. மருந்துக்கடையிலேர்ந்து பேசறேன். உங்க கடுதாசி கிடைச்சுது."

"நீங்கதான் பிழைக்காரரா?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அப்படியும் சொல்லலாம் என்றார். வயதான, நிதானமான குரல். அம்மா தன் வழக்கை முழுசாக எடுத்து வைத்தாள், படிக்கட்டில் சாடை சொன்னவள் வரைக்கும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பேச்சில் நீங்கள் சொல்வது சரிதான் என்றார். பழைய செய்யுளில் அது வேறு. உண்ணான் என்றால் சாப்பிட மாட்டான், காணான் என்றால் பார்க்க மாட்டான். அந்த வரிசையில் வருகிற சொல் இது.

அப்படியென்றால் தெருவைப் பார்க்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறான் என்று அம்மா மடக்கினாள். வந்துவிடுவான் என்பதால்தானே?

"இல்லம்மா. வரப் போறதில்ல, அதனால தெருவையே பாத்துட்டு உக்காந்திருக்காதேங்கறான்."

அம்மா மடியிலிருந்த சட்டையின் காலரை நீவினாள். இரண்டு தடவை நீவினாள்.

"சரிங்க" என்றாள். "அந்த நாடகத்துப் பொம்பளைக்கு அவ புருஷன் வரல, போகட்டும். என் பையன் வருவான். நேத்து வரைக்கும் பக்கம் ஏத்திட்டுத்தானே இருந்தான்?"

அந்தப் பக்கம் யாரோ எதற்கோ மாத்திரை கேட்டார்கள். ஒரு நிமிஷம் இருங்கள் என்று அவர் சொன்னது அவர்களிடமா இவர்களிடமா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது குரல் இன்னும் நிதானமாக இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? உங்க பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? தட்டறது அவர் இல்லையேன்னு கேக்கறேன்."

"அவன் இல்லாம வேற யாரு?"

"தெரியலம்மா. எழுபத்திரண்டாம் பக்கத்திலேர்ந்து கை வேற. நான் தம்பிக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரல."

அம்மா போனை மடியில் வைத்தாள், அணைக்கவில்லை. மகள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அம்மா முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவளைப் பார்க்கத்தான்.

"யாருடி தட்டறது?"

"நான்தாம்மா."

"நீயா? எத்தனை நாளா?"

"எழுபத்திரண்டுலேர்ந்து."

"ஏன், அவனுக்கு என்ன?"

போனுக்குள் மருந்துக்கடையின் தெருச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் வைக்கவில்லை. அம்மாவின் கட்டைவிரல் சட்டையின் மடிப்பு விளிம்பில் பாதியில் நின்றிருந்தது. அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் கடல்ல விழுந்துட்டாம்மா. மூணு நாள் தேடிட்டு விட்டுட்டாங்க. அண்ணன் செத்துப் போயிட்டாம்மா."